ஒன்பதாம் அறையின் நான்காவது பெயர்

நாதியாவைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அவளைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. செத்தவளை விரட்டியவள் என்பது ஒன்று. ஊரே தலைதெறிக்க ஓடும்போது கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த கிறுக்கி என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. அன்றைக்கு அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான்தான்.

என் பெயர் பொன்னுத்தங்கம். விஸ்வநத்தம் தாண்டி, ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே இருக்கிறது கம்பெனி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே டைம் ஆபீஸ் என் பொறுப்பு. எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவில் வெட்டவெளி, மண்சுவர், தண்ணீர்த்தொட்டி. முன்பெல்லாம் தாளில் எழுதினோம். இப்போது ஒவ்வொரு அறைக்கும் இருபது அடி தள்ளி ஒரு கம்பம் நட்டிருக்கிறது. உள்ளே போகிறவர்கள் அதில் கார்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் நம்பரும் பெயரும் என் திரையில் வரும். கேட்டுக்கு உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் டிவியிலும் வரும். தீ என்று வந்துவிட்டால் யார் வெளியே வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பதற்கு அந்தப் பட்டியல்தான்.

இந்தக் கம்பங்களோடு பேசும் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுகிறது. அதற்குக் காவல் நாதியா.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. விருதுநகரில் வீடு. அப்பா செய்யது அபுதாஹிர் பஜாரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை வைத்திருந்தார். அவருக்குச் சிறுநீரகம் பழுதானபோது நாதியா சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தாள். வாரம் இரண்டு நாள் அவரை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்திகரித்துக் கூட்டிவர வேண்டும். மீதி நாட்களில் ஸ்கூட்டரில் சிவகாசிக்கு வருவாள். நாலு அச்சகம், இரண்டு பட்டாசுக் கம்பெனி, ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி என்று ஏழு இடம் அவள் கையில். எங்கே போனாலும் முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். சத்தம் இருந்தால் யோசிக்க வராதாம். ஆபீஸில் வெந்து சாவது நான்.

சிரிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் வேடிக்கை பேச விடமாட்டாள். கம்ப்யூட்டர் தலைமாட்டில் தன் கையால் எழுதி ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: ‘யூஎஸ்ஆர் இன்க்ளூட் ஃபோல்டரை யாரும் தொடக் கூடாது.’ எங்கள் முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி அது ஏதோ மந்திரம் என்று நினைத்து, ஆயுதபூஜைக்கு அந்தத் தாளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். நாதியா அதை அழிக்கவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஃபோல்டரில் என்று ஒருநாள் கேட்டேன். ரூல் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அக்கா, கெர்னல்னு ஒன்னு இருக்கு. மிஷினு, வயரு, கம்பம் எல்லாத்தோடயும் அதுதான் பேசும். நம்ம புரோகிராம் எது கேட்டாலும் அதுகிட்டதான் கேக்கணும். அது பதிலை வரிசையாக் கொடுத்துரும். ஆனா தலைப்புப் போட்டுக் கொடுக்காது. இந்த நோட்டுல கட்டம் இருக்கு, மேல தலைப்பு இல்லைன்னா எது பேரு, எது ஊருன்னு எப்படித் தெரியும்? அந்தத் தலைப்பு எழுதின தாளுதான் ஹெடர் ஃபைலு. கெர்னலு கையில இருக்கிற தாளும் நம்ம புரோகிராம் கையில இருக்கிற தாளும் ஒன்னா இருக்கணும்.”

“இல்லைன்னா நின்னு போயிருமாக்கும்?”

“நின்னு போனாத் தேவலையே. நிக்காது. ஊரு இருக்கிற கட்டத்தைப் பேருன்னு வாசிச்சிக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும்.”

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவளே அந்தத் தப்பைச் செய்திருக்கிறாள். சி லைப்ரரி என்று ஒன்று உண்டாம். எல்லாப் புரோகிராமும் அதன் தோளில்தான் ஏறி நிற்கும். அது எந்தக் கெர்னலின் ஹெடரை வைத்துக் கட்டப்பட்டதோ அந்த ஹெடர்தான் அந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடும் கெர்னல் அதைவிடப் புதுசு என்பதற்காக அதன் ஹெடரைத் தூக்கி வந்து பழசின் மேல் போடக் கூடாது. இவள் அவசரத்துக்கு ஒருநாள் போட்டுவிட்டாள். புரோகிராமை மிஷின் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றுவதைக் கம்பைல் என்பாள். எல்லாம் கம்பைல் ஆனது, எல்லாம் ஓடியது. ஒரு மருந்துக் கிடங்கில் மூன்று வாரம் எண்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தனையும் வேறு எதனுடையவோ எண்கள். ஒரு மணியும் அடிக்கவில்லை, ஒரு சிவப்பு விளக்கும் எரியவில்லை. அதிலிருந்து, சத்தம் போடாத தப்புக்குத்தான் அவள் பயப்படுவாள். பட்டாசுக் கம்பெனிக்கு வந்து சத்தத்துக்குப் பயமில்லை என்கிறாளே என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இனி செல்லக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனியில் வேலையை விட்டு நின்றவர்களின் நம்பரை அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். கம்பெனிக்குள்ளேயே இறந்தவர்களின் நம்பரை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. பெயரையும் அழிப்பதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, மனசு கேட்காது, அவ்வளவுதான். செல்லக்கனியின் நம்பர் நாற்பத்தொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனியில் ஒன்பதாம் அறையில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தபோது விபத்தில் போனாள். பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். காலையில் கம்பத்தைத் தொட்டதும் என் ஜன்னலைப் பார்த்து ஒரு கை உயர்த்துவாள். அவள் போன பிறகு ரொம்ப நாள் நான் அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

இந்தச் சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்பதாம் அறைக்குக் கார்டோடு சூட்டையும் அளக்கிற புதுக் கம்பம் ஒன்று போடலாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். நல்ல முடிவுதான். கோயமுத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியர் புதன்கிழமை வந்து பழைய கம்பத்தைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட்டார். கம்ப்யூட்டரில் கெர்னலைப் புதுப்பித்து, அதைக் கம்பத்தோடு பேச வைக்கும் டிரைவர் என்ற புரோகிராமையும் போட்டார். நாதியா அன்று அப்பாவோடு மதுரையில் இருந்தாள். போனிலேயே அவருக்குப் பாடம் நடத்தினாள். யூஎஸ்ஆர் இன்க்ளூடைத் தொடக் கூடாது, உங்கள் ஹெடரை உங்கள் கெர்னலோடு வைத்துக்கொள்ளுங்கள், புரோகிராமை நான் வந்து கம்பைல் செய்கிறேன் என்றாள். அவரும் சொன்னது சொன்னபடி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் வருவதாக இருந்தவள் வரவில்லை. அபுதாஹிர் ஐயாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதாம் அறையில் முப்பத்தொன்றாம் நம்பர் பெயர் வந்தது. அந்த அம்மா பேக்கிங் பகுதியில் பெட்டி ஒட்டுகிறவள். யாராவது கம்பம் மாறித் தொடுவது எங்களுக்குப் புதிதல்ல. ‘தவறான தொடுகை’ என்று போட்டுத் திருத்தினேன். முக்கால் மணி நேரத்தில் முப்பத்திரண்டாம் நம்பர் அங்கே நின்றது. திருத்தினேன். பிறகு முப்பத்துமூன்று. எரிச்சல் தாங்காமல் டிவிக்குக் கீழே நின்று, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு கார்டைத் தொடுகிறீர்கள் என்று எல்லோரையும் ஏசினேன். திருத்தியபின் அந்த அறையில் மூன்று பெயர்தான் இருந்தது. நாலாவது ஆள் தொட மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். வெள்ளியும் சனியும் இதே கூத்துதான். இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்று மார்தட்டிக்கொள்கிறவளின் லட்சணம் இது.

திங்கள்கிழமை காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று வந்ததை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தேன். மதியம் பன்னிரண்டு எட்டுக்குத் திரையில் புதுவரி வந்தது.

அறை ஒன்பது. நாற்பத்தொன்று. செல்லக்கனி.

என் கை மவுஸிலேயே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்பதாம் அறைக் கம்பம் வெயிலில் தனியாக நின்றது. சுற்றிலும் வெறும் மணல். வந்துபோனவர்கள் யாரும் இல்லை. திரையைப் பார்த்தால் பெயர் அப்படியே இருந்தது. பயந்தேன் என்பது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில், அவள் கையை உயர்த்துவாளா என்று ஒரு கணம் காத்திருந்தேன். அதுவும் உண்மை.

திருத்துவதற்குள் டிவியில் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் வேறு. கேட்டுப் பக்கம் இருந்த பேச்சு, யாரோ குழாயை மூடியதுபோல நின்றது. ஒன்பதாம் அறையின் மூத்த ஆள் பத்திரகாளி, செல்லக்கனியோடு ஒரே வேனில் வந்துபோனவள். தூக்குவாளியைத் திறக்காமலே கீழே வைத்தாள்.

“அவ எடத்தைப் பாக்க வந்திருக்கா. வேற என்ன?” என்றாள்.

ஆபீஸுக்குள் வந்து நாதியாவுக்குப் போன் போட்டேன். திரையில் வந்த நம்பரையெல்லாம் சொன்னேன். அவள் அமைதியாகக் கேட்டாள்.

“அக்கா, அது ஹெடர்ப் பிரச்சினையாத்தான் இருக்கும். நான் வந்து கம்பைல் பண்ணாம விட்டது. புதன்கிளமை காலையில அத்தாவை வீட்டுக்கு விட்டுருவாக. நேரா அங்கதான் வாரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீக. வர்றது வரட்டும், எளுதி மட்டும் வையுங்க.”

“உனக்கு வந்தாத் தெரியும்” என்று வெட்டினேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? பேசிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஒன்பதாம் அறைக் கம்பத்தின் அடியில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார்கள். அண்ணாச்சி காளியம்மன் பீடத்தில் தேங்காய் உடைத்தார். போர்மேன் மணிகண்டராஜ் மட்டும், “வேலையைப் பாருங்க, ஆர்டர் நிக்குது” என்று சத்தம் போட்டார். அவரும் அந்தக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனார். பன்னிரண்டுக்கு முன்பே எல்லோருடைய கண்ணும் டிவியில் இருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு அவள் பெயர் வந்தது. ஒன்றரைக்கு அது மறைந்து நாற்பத்திரண்டாம் நம்பர் வந்தது. அந்த ஆள் லோடு ஏற்றும் இடத்தில் என் கண் முன்னால் பீடி இல்லாத வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டரைக்குத் திரும்ப அவள் வந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது செம்பில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

வெயில் குடித்திருக்கும், நாய் குடித்திருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொரு மதியத்தைத் தாங்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. கிளம்புவதற்கு முன்னால் பணியாளர் பட்டியலைத் திறந்து, நாற்பத்தொன்றாம் நம்பருக்கு எதிரே ‘நீக்கம்’ என்று போட்டேன். இரண்டு வருஷமாக யாரும் செய்யாத காரியம். அவள் புருஷன் என் முன்னால் நின்று பார்ப்பது போலிருந்தது. இனி அந்தப் பெயர் எந்தத் திரையிலும் வராது.

புதன்கிழமை பதினொன்றேகாலுக்கு நாதியா வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று இரவாகத் தூங்கவில்லை என்று முகம் சொன்னது.

“அத்தா எப்படி இருக்காக?”

“வீட்டுல விட்டுட்டேன். கஞ்சி குடிச்சாக.” மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். “எளுதி வச்சீகளா?”

எழுதியிருந்தேன். நேரமும் நம்பரும். அந்தத் தாளை அவள் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. மதியம் வரை ஏறுகிறது. மூன்று மணிக்கு மேல் இறங்குகிறது.

“ஆளு இப்படி வரிசையாவா வேலைக்கு வரும்?” என்றாள். “முப்பத்தஞ்சு வராம முப்பத்தாறு வந்ததே இல்லை பாருங்க. இது ஆளு இல்லைக்கா. இது சூடு.”

எனக்குப் புரியவில்லை. அவள் திரையில் இரண்டு ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று பழைய கம்பத்தின் ஹெடர். நம்முடைய புரோகிராம் அதை வைத்துத்தான் கம்பைல் ஆகியிருந்தது. இன்னொன்று கோயமுத்தூர்க்காரர் கெர்னலோடு வைத்துவிட்டுப் போனது. பழசில் நாலு வரி: முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள், நாலாம் ஆள். புதுசில் அவற்றுக்கு மேலே ஒரு வரி கூடியிருந்தது: சூடு.

“கெர்னலு முதல்ல சூட்டைக் கொடுக்குது. நம்ம புரோகிராமுக்குச் சூடுன்னு ஒன்னு இருக்கிறதே தெரியாது. அதை முதல் ஆளுன்னு எடுத்துக்கிருச்சு. நாப்பத்தொரு டிகிரி. நாப்பத்தொன்னாம் நம்பரு.” திரையில் அந்தச் சூடு வரியை விரலால் தொட்டாள். “அந்த மனுசன் நான் சொன்னபடியேதான் செஞ்சிருக்காரு. நான்தான் மிச்சத்தைச் செய்ய வரலை.”

எனக்கு அழுகை வந்தது. செல்லக்கனி வரவில்லை என்ற நிம்மதியா, வரவில்லையே என்ற ஏமாற்றமா, இன்றுவரை தெரியாது. மூக்கைச் சிந்திக்கொண்டு, “இனிமே வந்தாலும் தெரியாது. நேத்து சாயங்காலம் அவ பேரை நீக்கிட்டேன்” என்றேன்.

நாதியா திரும்பிப் பார்த்தாள். நான் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்பதாம் அறை வரியைத் திறந்தாள். மூன்று பெயர்கள் இருந்தன. பத்திரகாளியும், பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவரும்.

“அக்கா, அந்த அறையில எத்தனை பேரு வேலை பாக்காக?”

“நாலு.”

“முதல் எடத்துல சூடு உக்காந்துருச்சு. ஒவ்வொருத்தரா ஒரு எடம் கீள தள்ளிப் போயிருப்பாக. புரோகிராமு நாலு எடத்துக்கு மேல வாசிக்காது. அப்பக் கடைசியாத் தொடுறவ பேரு எங்க போச்சு?”

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் வெடித்தது.

பன்னிரண்டு பத்து. ஆர்டர் நெருக்கடியில் போர்மேன் அன்று யாரையும் இன்னும் சாப்பாட்டுக்கு விட்டிருக்கவில்லை. முதலில் தரை அதிர்ந்தது, பிறகுதான் சத்தம். ஜன்னல் கண்ணாடி என் மடியில் விழுந்தது. ஒன்பதாம் அறைக் கூரை இல்லை. வெள்ளையும் பச்சையுமாகப் புகை நேராக மேலே போனது. சங்கு ஊதியது. எல்லா அறைகளிலிருந்தும் பெண்கள் வேப்பமரத்தடிக்கு ஓடி வந்தார்கள். நானும் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். நாதியா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“எந்திரி, வா” என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். விரல்கள் விசைப்பலகையிலேயே இருந்தன.

மரத்தடிக்கு ஒன்பதாம் அறையிலிருந்து மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். பத்திரகாளியின் வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். காது அடைத்துப்போய், நாங்கள் கேட்பதும் விளங்கவில்லை, அவளுக்குப் பேச்சும் வரவில்லை. மற்ற இருவரில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மூவரையும் வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மணிகண்டராஜ் என்னிடம் ஓடி வந்தார்.

“ஒன்பதுல எத்தனை பேரு?”

என் கையில் தாள் இருந்தது. நாலு என்று நாதியாவிடம் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் கையில் தாள் இருந்தது, அதில் மூன்று பெயர் இருந்தது, மூன்றும் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் வாயில் வந்து நின்றது.

“மூணு. மூணும் வந்தாச்சு.”

அவர் திரும்பி, “ஒன்பது காலி, எட்டையும் பத்தையும் நனைங்க” என்று கத்தினார். ஹோஸைப் பிடித்திருந்தவர்கள் ஒன்பதை விட்டு நகர்ந்தார்கள். ஒன்பதுக்கு மேற்கே மண்சுவருக்குப் பின்னால் காய்ந்த புல். அதில் தீ பற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளில்லாத இடம்தானே.

நாதியா வெயிலில் ஓடி வருவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். முக்காடு தோளில் கிடந்தது, காலில் செருப்பில்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தாள். புது ஹெடரை வைத்துப் புரோகிராமைக் கம்பைல் செய்து, கம்பம் கடைசியாகக் கொடுத்ததை வாசித்திருக்கிறாள். சூடு நாற்பத்தொன்று. பிறகு மூன்று நம்பர்கள். அதற்குக் கீழே நாலாவது.

“நூத்திப் பன்னெண்டு” என்றாள் மூச்சு வாங்க. “நூத்திப் பன்னெண்டு யாருக்கா?”

நூற்றுப்பன்னிரண்டு மாடத்தி. ஆனைக்குட்டத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எங்கள் கம்பெனியில் புதிதாக வந்தவர்கள் மூத்தவர்களை முன்னால் விட்டுக் கடைசியில்தான் கார்டைத் தொடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அப்படித்தான் நடக்கும். வியாழக்கிழமையிலிருந்து மாடத்தி தினமும் நாலாவதாகத் தொட்டிருக்கிறாள். தினமும் பட்டியலிலிருந்து கீழே விழுந்திருக்கிறாள். வேப்பமரத்தடியில் ஒரு முறை கண்ணை ஓட்டினேன். அவள் இல்லை.

மணிகண்டராஜ் நம்பவில்லை. “லிஸ்ட்டுல இல்லையேம்மா” என்றார்.

“லிஸ்ட்டு தப்பு” என்றாள் நாதியா. “உள்ள ஒரு பொம்பளை இருக்கா. நீங்க போகலைன்னா நான் போறேன்.”

அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் ஹோஸை ஒன்பதுக்குத் திருப்பச் சொன்னார்.

அறைக்குள் யாரும் இல்லை. மேற்குக் கதவுக்கு நேரே, மண்சுவர் தாண்டி, மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் மாடத்தி கிடந்தாள். ஓடி வந்து விழுந்ததில் இடது கால் முறிந்திருந்தது. நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. புல்லில் வந்த தீ அவள் சேலைக்கு எட்டடி தூரத்தில் இருந்தது. இத்தனை பேர் இவ்வளவு நேரம் இந்தப் பக்கம் கத்திக்கொண்டு இருந்தோம், அவளிடமிருந்து ஒரு குரல் வரவில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, நெருங்கி வருகிற தீயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் செல்லக்கனியின் பெயரைத் திரையில் பார்த்ததெல்லாம் ஒரு பயமே இல்லை.

நாலு பேரும் பிழைத்தார்கள். அன்று சாயங்காலமே நாதியா புரோகிராமைச் சரியாக நிறுவிவிட்டுப் போனாள். சூடு தனிக்கட்டத்தில் வர ஆரம்பித்தது. நான் நீக்கிய பெயரையும் அவளே திருப்பிச் சேர்த்தாள், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாச்சி அவளுக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்றார். தான் நாலு நாள் முன்னால் வந்திருந்தால் அந்தப் பெண் தீயைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டாள், சால்வையெல்லாம் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் மாடத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலில் மாவுக்கட்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். நான் வீட்டிலேயே சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அறையில் மூன்று பேர்தான் என்று சொன்னவள் நான், உன்னை விட்டுவிட்டு ஹோஸை நகர்த்த வைத்தவள் நான் என்றேன். நாதியாவும் ஹெடர், புரோகிராம் என்று ஏதோ தொடங்கி, பாதியில், “உங்க பேரு விட்டுப்போனதுக்கு நானும் ஒரு காரணம்” என்று முடித்தாள்.

மாடத்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். திகைத்தவள் போலத் தெரியவில்லை.

“தெரியும்க்கா” என்றாள். “வியாளக்கிளமையே பாத்தேன். கேட்டு டிவியில தினம் சாப்பாட்டுக்கு வாரப்ப என் பேரைப் பாப்பேன். அன்னைக்குக் காணலை. மறுநாளும் காணலை. ஆறு நாளா நான் அங்கன இல்லை.”

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா, ஆமா உன்னை எடுத்தாச்சு, நாளையில இருந்து வராதன்னு சொல்லிருவீகளோன்னு பயம். கேக்காம இருந்தா, ஒருத்தரும் கவனிக்காம இருந்தா, சம்பள நாள் வரைக்குமாவது ஓட்டிரலாம்னு இருந்தேன்.”

நாதியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

“பள்ளத்துல கிடந்தப்ப ஏன் சத்தம் போடலை?”

அவள் போர்வையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

“வாய் வரைக்கும் வந்துச்சு. லிஸ்ட்டுல இல்லாதவ உள்ள என்ன செஞ்சேன்னு கேப்பீகளேன்னு இருந்துச்சுக்கா. அதான் பேசாமக் கிடந்தேன்” என்றாள்.